ஐந்து கோழியும் ஒரு சொட்டு மருந்தும்

வீட்டுக் கொல்லையில் நாலு கோழி நின்றால் சமையல் செலவில் நாலு காசு மிஞ்சும். நம் ஊர்களில் பாட்டிமார் சொல்லும் பேச்சு இது.

பேச்சு பொய் அல்ல. ஆனால் அது பாதி உண்மைதான்.

மீதி உண்மை என்ன? நாலு கோழியும் உயிரோடு இருந்தால்தான் நாலு காசு மிஞ்சும்!

கோழி வாங்கும்போது எல்லோரும் விலையைப் பார்க்கிறார்கள். கூண்டு செய்யும்போது அழகைப் பார்க்கிறார்கள். தீனி போடும்போது அளவைப் பார்க்கிறார்கள். ஆனால், வாங்கிய கோழி சாகாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று பார்ப்பவர்கள் குறைவு.

குறைந்த செலவில் கோழி வளர்க்க நினைக்கும் குடும்பம் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். கோழி வளர்ப்பில் சிக்கனம் தீனியைக் குறைப்பதில் இல்லை. கோழியின் உயிரைக் காப்பதில் இருக்கிறது.

எப்படி? ஒரு சிறு கணக்கு அதைச் சொல்லிவிடும்.

வரவும் செலவும்

ஒரு வீட்டில் 5 நாட்டுப் பெட்டைக்கோழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். சராசரி 70 என்றால், 5 கோழிக்கு 350 முட்டை. மாதத்திற்கு ஏறக்குறைய 29 முட்டை.

இனி செலவு. கொல்லையில் மேய்வது போக, கோழி ஒன்றுக்கு நாள்தோறும் 40 கிராம் தானியம் போடுவதாகக் கொள்வோம். 5 கோழிக்கு 200 கிராம். மாதத்திற்கு 6 கிலோ. கம்போ, நொய்யோ கிலோ 30 ரூபாய் என்று போட்டால், மாதம் 180 ரூபாய்.

கடையில் பண்ணை முட்டை 6 ரூபாய் என்று வைத்தால், 29 முட்டையின் விலை 174 ரூபாய்.

வரவு 174. செலவு 180. ஆக, மாதம் 6 ரூபாய் நஷ்டம்!

"இதற்கா இந்தப் பாடு?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அடுப்படி மிச்சம், கீரை, கறையான் ஆகியவற்றைக் கொடுத்து, வாங்கும் தானியத்தைப் பாதியாகக் குறைக்க முடியும். அப்போது தானியச் செலவு 90 ரூபாய். மாதம் 84 ரூபாய் மிச்சம். நாட்டுக்கோழி முட்டைக்குக் கூடுதல் விலை கிடைக்கும் ஊராக இருந்தால் மிச்சம் இன்னும் அதிகமாகும்.

இப்போது கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். முட்டையிடும் பருவத்தில் உள்ள ஒரு பெட்டைக்கோழியின் விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கோழி செத்தால், கிட்டத்தட்ட 5 மாத மிச்சம் போயிற்று. ஐந்தும் செத்தால், 2 வருட மிச்சம் போயிற்று!

விலை ஊருக்கு ஊர் மாறும். நாளுக்கு நாள் மாறும். அவரவர் ஊர் விலையைப் போட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் எந்த விலையைப் போட்டாலும் ஒன்று மாறாது. வரவு சிறுகச் சிறுக வருகிறது. நஷ்டமோ ஒரே இரவில் வருகிறது.

கோழிக்கு எமன்

கோழிக்குப் பெரிய எமன் பருந்து அல்ல, பாம்பும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு நோய்க்கிருமி.

நம் ஊரில் இதை "வெள்ளைக்கழிச்சல்" என்கிறார்கள். மருத்துவர்கள் "ராணிக்கெட் நோய்" என்கிறார்கள். ராணிக்கெட் என்பது இமயமலைச் சாரலில், குமாவோன் பகுதியில் உள்ள ஊர். 1920-களின் பிற்பகுதியில் நம் நாட்டில் இந்த நோய் அங்கே கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வெளிநாட்டில் இதற்கு "நியூகேசில் நோய்" என்று பெயர். அதுவும் இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர்தான்.

நோய் வந்த கோழி தீனி எடுக்காது. இறக்கையைத் தொங்கப் போட்டு, ஒரு மூலையில் உறங்கி வழியும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும்; கால் இழுத்துக்கொள்ளும்.

தடுப்பு மருந்து போடாத கோழிகளிடையே இந்த நோய் கடுமையாகப் பரவினால், 100-க்கு 90-க்கு மேல்கூடச் செத்துவிடுவது உண்டு. திங்கட்கிழமை ஒரு கோழி தூங்கும். அந்த வாரம் முடிவதற்குள் கூடு காலியாகும். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் கூடும் காலியாகும்.

நோய் வந்தபின் இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. மஞ்சளும் வெங்காயமும் அரைத்து உருட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உருண்டை இந்த வைரசைக் கொல்லாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

ஒரு சொட்டு மருந்து

தடுப்பது கடினமா? இல்லவே இல்லை.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விடுகிறார்கள். 8 வாரம் ஆனதும் இறக்கையின் அடியில் ஓர் ஊசி போடுகிறார்கள். பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் மறுபடியும் போடவேண்டும். அவ்வளவுதான்!

இந்த 8-வது வார ஊசிக்கும் ஒரு கதை உண்டு. 1940-களில், அதே குமாவோன் மலைப்பகுதியில் உள்ள முக்தேசுவரம் ஆராய்ச்சி நிலையத்தில் இது உருவாக்கப்பட்டது. நோய்க்குப் பெயர் கொடுத்த மலையே, அதற்கு மருந்தும் கொடுத்தது!

தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தையொட்டி இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்தி வந்திருக்கிறது. முகாமில் ஊசி இலவசம். கோடைக்கு முன்பே கோழிகளுக்குப் பாதுகாப்புக் கிடைக்கவேண்டும் என்பதே நோக்கம். மற்ற மாதங்களிலும் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டால், எந்த நாளில் கோழியைக் கொண்டுவரலாம் என்று சொல்வார்கள்.

இலவசமாக ஊசி கிடைத்தும், ஏன் எத்தனையோ கூடுகள் காலியாகின்றன?

காரணம் மூன்று.

முதல் காரணம், அலட்சியம். "எங்கள் பாட்டி காலத்தில் கோழிக்கு ஊசியா போட்டார்கள்?" என்ற கேள்வி. போடவில்லை, உண்மைதான். அதனால்தான் கொள்ளைநோய் வந்த வருடங்களில் பாட்டியின் கோழிகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிழைத்த ஒன்றிரண்டைத்தான் பாட்டி மறுபடியும் அடை வைத்தார். அது நல்ல முறை அல்ல. வேறு வழி இல்லாத முறை. இன்று வழி இருக்கிறது.

இரண்டாவது காரணம், பயம். "ஊசி போட்டதும் கோழி செத்துவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். ஏற்கெனவே நோய் தொற்றிய கோழிக்கு ஊசி போட்டால், ஊசி காப்பாற்றாது. பழி மட்டும் ஊசியின் மேல் விழும். ஆகவே, கோழி நன்றாக இருக்கும்போதே போடவேண்டும். ஊசிக்கு முன்பு குடற்புழு மருந்து எப்போது கொடுக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. மருந்துக் குப்பி ஒன்றில் 100 கோழி, 200 கோழிக்கு வேண்டிய மருந்து இருக்கும். ஐஸ் பெட்டியில் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுவர வேண்டும். திறந்து கலந்துவிட்டால், ஓரிரு மணி நேரத்தில் போட்டுத் தீர்த்துவிட வேண்டும். 5 கோழி உள்ள வீட்டுக்காக ஒரு குப்பியைத் திறந்தால், மீதி எல்லாம் வீண்!

இதற்குப் பரிகாரம் என்ன? தெருவே சேரவேண்டும். 20 வீட்டில் வீட்டுக்கு 5 கோழி என்றால் 100 கோழி. ஒரே காலையில் ஒரு குப்பி தீர்ந்துவிடும். மகளிர் சுய உதவிக் குழு உள்ள ஊரில் இது பெரிய வேலையே அல்ல. சீட்டுப் பணம் கட்டக் கூடும் பெண்கள், அன்று கோழிக்கூடையோடு கூடினால் போதும்.

இன்னொன்று. ஒரு வீட்டில் மட்டும் ஊசி போட்டால், மற்ற வீடுகளில் நோய் தங்கிக்கொள்ளும். அங்கே பொரிக்கும் குஞ்சு இங்கே மேய வரும். கோழிக்கு வேலி தெரியாது, நோய்க்கும் தெரியாது.

சந்தைக்கு அனுப்பலாமா?

ஒரு கெட்ட பழக்கத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும்.

ஒரு கோழி தூங்க ஆரம்பித்ததும், மீதிக் கோழிகளை அவசர அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடுகிறார்கள். "செத்தால் காசு போகுமே!" என்ற கவலைதான். ஏழைக் குடும்பத்தின் கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கூடையில் போவது கோழி மட்டும் அல்ல. நோயும் போகிறது. அதை வாங்கிச் செல்கிறவளும் ஓர் ஏழைத் தாய்தான்.

செத்த கோழியைக் குளத்திலோ, வாய்க்காலிலோ, குப்பை மேட்டிலோ எறியக்கூடாது. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்புத் தூள் தூவிப் புதைக்கவேண்டும். செத்ததைச் சமைக்கவும் கூடாது.

ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லவேண்டும். 2006-ம் ஆண்டில் மராட்டிய மாநிலம் நவாப்பூரில் இந்தியாவின் முதல் கோழிப் பறவைக்காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் பல மாநிலங்களில் அது தலைகாட்டியிருக்கிறது. செத்தது எந்த நோயால் என்பதை வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. சோதனைதான் சொல்லும்.

கூண்டுக்கு எவ்வளவு?

நோய்க்கு அடுத்த எதிரி, இரவு.

பகல் முழுவதும் கோழி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இருட்டினால் அதற்குக் கண் தெரியாது. மரநாய், காட்டுப்பூனை, தெருநாய், பெருச்சாளி எல்லாம் வருவது அப்போதுதான். ஒரு மரநாய் உள்ளே புகுந்தால் தின்ன ஒரு கோழியைக் கொல்லாது. இருப்பதை எல்லாம் கடித்துப் போட்டுவிடும்.

இதற்காகக் கடையில் விற்கும் வண்ணக் கூண்டு வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. 5 கோழிக்கு 3 அடி நீளம், இரண்டரை அடி அகலம் போதும். தரையில் இருந்து 2 அடி உயரத்தில் நிறுத்த வேண்டும். பழைய பலகை, மூங்கில், ஓலை, கிழியாத கம்பிவலை இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். கோழி ஏறி உட்கார உள்ளே குறுக்காக ஒரு கட்டை வேண்டும்.

காசு செலவழிக்கவேண்டிய இடம் இரண்டுதான். ஒன்று, கம்பிவலை. அதன் கண்ணில் பாம்பு நுழையக்கூடாது. மற்றது, கதவின் கொண்டி. தள்ளினால் திறக்கும் கதவு, கதவே அல்ல.

தாயும் குஞ்சுமாக இருக்கும்போது பஞ்சாரம் நல்லது. கொங்கு நாட்டில் கொடாப்பு என்பார்கள். மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் காக்கைக்கும் பருந்துக்கும் பயம் இல்லை. ஆனால் பஞ்சாரத்தை இரவில் வெளியே விட்டு வைக்கக்கூடாது.

கூண்டில் செல்லும் உண்ணியும் சேரும். வாரம் ஒரு முறை கூண்டைக் கூட்டிக் காயவிட வேண்டும். அவ்வப்போது சுண்ணாம்பு அடிக்கவேண்டும். பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டி, மண்ணும் அடுப்புச் சாம்பலும் போட்டு வைத்தால், கோழி தானே புரண்டு குளித்துக்கொள்ளும்.

எந்தக் கோழி நல்லது?

பண்ணையில் வளரும் வெள்ளைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்குமேல் இடும். அதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. அது தினமும் 110 கிராம் அளவுக்குக் கலப்புத் தீனி தின்னும். கொல்லையில் கிளறிப் பிழைக்க அதற்குத் தெரியாது. பருந்து வந்தால் ஓடி ஒளியவும் தெரியாது.

நாட்டுக்கோழியில் சிறுவிடை சிறந்தது. உடல் சிறியது, தீனி குறைவு, அடை காப்பதில் கெட்டிக்காரி. பெருவிடை கறிக்கு ஆகும். அசீல் சண்டைக் கோழி, முட்டை குறைவு. மத்தியப் பிரதேசத்துக் கருங்கோழியான கடக்நாத்துக்கு இப்போது நல்ல பெயர். ஆனால், பெயருக்காக இரட்டை விலை கொடுப்பது சிக்கனக் குடும்பத்துக்கு ஏற்றது அல்ல.

முட்டைதான் முக்கியம் என்றால், கொல்லை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய இனங்கள் இருக்கின்றன. ஐதராபாத்தில் உருவான கிராமப்பிரியா ஒன்று. சென்னை நந்தனத்தில் உருவான நந்தனம் கோழிகள் மற்றொன்று. இவை நாட்டுக்கோழியைப் போல இரு மடங்கு முட்டையும் இடும். ஆனால் தீனி கூடுதலாகக் கொடுக்கவேண்டும். அடை காக்கும் குணமும் குறைவு. குஞ்சு வேண்டும் என்றால், வீட்டில் ஒரு சிறுவிடையும் இருப்பது நல்லது. கிராமப்பிரியாவின் முட்டையைச் சிறுவிடை பொரித்துக் கொடுக்கும்!

புதிதாக வாங்கிய கோழியை நேரே கூட்டத்தில் விட்டுவிடக்கூடாது. இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்கவேண்டும். நோய் பெரும்பாலும் வீட்டுக்குள் வருவது இந்த வழியில்தான்.

சேவல் வேண்டுமா?

முட்டைக்குச் சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டை இடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது; அவ்வளவுதான். சத்தில் குறைவு இல்லை.

பட்டணத்தில் வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில், விடிவதற்கு முன்பே சேவல் கூவினால் பக்கத்து வீட்டில் சண்டைதான் வரும். அங்கே பெட்டைகள் மட்டும் போதும். கோழி வைக்க அனுமதி உண்டா என்று நகராட்சியிலும், வீட்டுக்காரரிடமும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

தீனி எங்கே இருக்கிறது?

தானியத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று சொன்னோமே, எப்படி?

அரிசி களைந்ததில் ஒதுங்கிய நொய், மீந்த சோறு, காய்கறித் தோல், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை எல்லாம் கோழிக்கு ஆகும். ஊறுகாய், உப்புக்கண்டம் போன்ற உப்பு மிகுந்த பொருள்கள் ஆகா. பூசணம் பிடித்த கடலையும் சோளமும் விஷம். "மனிதருக்கு ஆகாததைக் கோழிக்குப் போடு" என்பது தவறு.

பசிக்கிற குஞ்சுக்கு மிக நல்ல தீனி கறையான். ஒரு பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலை ஆகியவற்றைப் போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கறையான் நடமாடும் இடத்தில், மாலையில் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான் இருக்கும். செலவு ஒரு காசு இல்லை!

முட்டை ஓட்டில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. அது தீனியில் குறைந்தால் தோல்முட்டை வரும். கிளிஞ்சலைப் பொடித்து வைக்கலாம். முட்டை ஓட்டையே காயவைத்து, வறுத்து, நன்றாகத் தூளாக்கிக் கொடுக்கலாம். ஓட்டை அப்படியே போட்டால் கோழிக்கு முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கம் வந்துவிடும்.

இவற்றைவிட முக்கியமானது தண்ணீர். கோழி தின்னும் தீனியைப்போல் இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். சித்திரை வெயிலில் இன்னும் அதிகம். அகலமான மண்சட்டியில், நிழலில், காலையும் மாலையும் மாற்றி வைக்கவேண்டும். அழுக்குத் தண்ணீர் நோய்க்கு வாசல்.

தோட்டம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோழி, நாற்றையும் கிளறிவிடும். விதைத்த பாத்திக்கு முள் வேலியோ வலையோ வேண்டும். கோழி எச்சம் நல்ல உரம். ஆனால் பச்சையாகப் போட்டால் செடி கருகும். குப்பையோடு சேர்த்து மக்கவைத்துப் போட்டால் கத்தரியும் வெண்டையும் செழிக்கும்.

முட்டை நின்றுவிட்டால்?

நன்றாக முட்டையிட்ட கோழி திடீரென்று நிறுத்திவிடும். உடனே கத்தியைத் தேடவேண்டாம்.

நாட்டுக்கோழி 10, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அதன்பின் இரண்டு, மூன்று மாதம் குஞ்சோடு திரியும். அதுவரை முட்டை இல்லை. வருடத்துக்கு ஒரு முறை இறகு உதிர்க்கும். அப்போதும் முட்டை இல்லை. இவை நோய் அல்ல, இயற்கை.

குஞ்சு வேண்டும் என்றால், ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளாகப் பார்த்து, 10 அல்லது 12 வைக்கலாம். 7-ம் நாள் இருட்டில் டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், கரு வளர்வது சிவந்த நரம்பாகத் தெரியும். தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். குஞ்சு வேண்டாம் என்றால், தினமும் முட்டையை எடுத்துவிட்டு, அடைக்கோழியைக் காற்றோட்டமான இடத்தில் சில நாள் பிரித்து வைக்கவேண்டும்.

ஆசை பெரிதானால்...

5 கோழி நன்றாக வளர்ந்தால், 500 கோழி வளர்த்தால் என்ன என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

2012-ம் ஆண்டில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்தில் நடந்தது நாட்டுக்கே தெரியும். ஈமு என்ற பெரிய பறவையை வளர்த்தால் மாதாமாதம் பணம் தருவோம் என்ற விளம்பரத்தை நம்பி, ஏராளமானவர்கள் சேமிப்பைக் கொட்டினார்கள். நிறுவனங்கள் சரிந்தன. பறவைகள் தீனி இல்லாமல் நின்றன.

கொல்லைக்கோழியின் பலமே அதன் சிறுமைதான். 5 கோழிக்குத் தீனி வீட்டில் கிடைக்கும். 50 கோழிக்குக் கடையில்தான் வாங்கவேண்டும். 500 கோழிக்குக் கடன் வாங்கவேண்டும்! பண்ணை வைப்பது தனித் தொழில். அதைக் கற்றுக்கொண்டு செய்பவர்கள் செய்யட்டும். குடும்பக் கோழி, குடும்பத்தின் அளவிலேயே இருப்பது நல்லது.

முட்டை யாருக்கு?

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. இவ்வளவு பாடுபட்டு எடுத்த முட்டை யாருக்கு?

தலைக்கு ஆண்டுக்கு 180 முட்டை வேண்டும் என்பது நம் நாட்டுச் சத்துணவு நிபுணர்களின் பரிந்துரை. 2023-24-ம் ஆண்டில் இந்தியாவில் தலைக்குக் கிடைத்தது 103 முட்டைதான். அதுவும் எல்லோருக்கும் சமமாகவா கிடைத்தது?

தமிழ்நாட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குச் சத்துணவில் முட்டை உண்டு. சம்பாதிக்கும் ஆண் டீக்கடையிலோ, சாப்பாட்டுக் கடையிலோ ஒரு ஆம்லெட் சாப்பிட்டுவிடுகிறான். வீட்டில் இருக்கும் தாய்க்கு? மூலையில் இருக்கும் பாட்டிக்கு?

கோழிக்குத் தீனி போட்டவள் அவள். கூண்டைக் கூட்டியவள் அவள். முட்டையை எண்ணி வைத்தவளும் அவள். ஆனால் அவள் தட்டில் முட்டை விழுவது அபூர்வம். "எனக்கு எதற்கு? பிள்ளைகள் சாப்பிடட்டும்" என்று சொல்லியே பழகிவிட்டாள்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்குமேற்பட்டோருக்கு ரத்தசோகை. முட்டை ஒன்றே அதைத் தீர்த்துவிடாது. கீரை வேண்டும்; பருப்பு வேண்டும்; வேண்டியபோது மருத்துவர் கொடுக்கும் மாத்திரையும் வேண்டும். ஆனால் ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்கு நல்ல புரதம் இருக்கிறது. ரத்தம் ஊற உதவும் பி12 வைட்டமினும் இருக்கிறது. வேலை செய்து தேயும் உடம்புக்கு இது சாதாரண உதவி அல்ல.

ஆகவே, முட்டையை விற்பதற்கு முன், வீட்டுப் பங்கை ஒதுக்கவேண்டும். வீட்டுப் பங்கில் தாயின் பங்கு முதலில் இருக்கவேண்டும். மாதம் 29 முட்டையில், அவளுக்கு வாரம் 2 முட்டை கொடுத்தாலும் 20 முட்டை மிஞ்சும். பிள்ளைக்கும் ஆகும், அவசரச் செலவுக்கு விற்கவும் ஆகும். விற்ற காசு அவள் கையிலேயே இருக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு மருந்துச் சீட்டு, ஒரு பஸ் டிக்கெட் வாங்க யாரிடமும் கைநீட்ட வேண்டாம்.

நன்றாகக் கழுவி, வேகவைத்துச் சாப்பிடவேண்டும். பச்சை முட்டை வேண்டாம். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். குழந்தைகளுக்கு இதை முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

செய்யவேண்டியது

கோழி கொடுக்கும் திட்டங்களை அரசாங்கம் அவ்வப்போது அறிவிக்கிறது. நல்ல காரியம். ஆனால் குஞ்சு கொடுப்பதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. குஞ்சு போன வீட்டுக்கு மருந்தும் போகவேண்டும். மருந்தகத்தில் இருந்து 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குக்கிராமத்துக்கு ஐஸ் பெட்டி போய்ச் சேருகிறதா என்பதை வைத்துத்தான் திட்டத்தை எடைபோட வேண்டும். கொடுத்த குஞ்சுகள் எத்தனை என்பது கணக்கு அல்ல. ஒரு வருடம் கழித்து உயிரோடு இருப்பவை எத்தனை என்பதே கணக்கு.

மக்கள் செய்யவேண்டியதும் உண்டு. தெருவில் கோழி வளர்க்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணவேண்டும். மொத்தக் கோழி எத்தனை என்று ஒரு தாளில் எழுதவேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பெண்கள் கால்நடை மருந்தகத்துக்குப் போகவேண்டும். "எங்கள் தெருவில் 100 கோழி இருக்கிறது, ஊசி போட என்றைக்கு வருவீர்கள்?" என்று கேட்கவேண்டும்.

கேள்வி சிறியது. ஆனால் ஒரு தெருவின் 100 கோழிகளுடைய உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அந்தத் தெருவில் உள்ள தாய்மார்களின் முட்டையும் அதில்தான் இருக்கிறது.